சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துக்கொண்டதா? கிருஷ்ணகிரி வாலிபர் வேதபாடத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சபை ஒன்றில் வாலிபர் வேதபாடம் நடத்தும் சகோதரரின் கேள்வி இது. உபவாசக் கூட்டத்துக்கு வந்த போதகர், "யூதரைத் தேவன் தள்ளிவிட்டார், இனிமேல் சபைதான் இஸ்ரவேல், அவர்களுக்குச் சொன்ன ஆசீர்வாதம் எல்லாம் நமக்கே" என்றாராம். அடுத்து கன்வென்ஷனுக்கு வந்தவரோ, "இஸ்ரவேல் பூமிக்குரிய ஜனம், சபை பரலோகத்துக்குரிய ஜனம், இரண்டையும் கலக்கவே கூடாது" என்றாராம். அப்படியானால் புதுவருஷ ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை வசனங்கள் நமக்குச் சேருமா, சேராதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரரே. இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குத்தத்தங்கள் ரத்தாகவில்லை. யூதரல்லாத புறஜாதியாரான நாம் மேசியாவாகிய இயேசுவின் மூலம் அந்த வாக்குத்தத்தங்களுக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறோம். யாரையும் வெளியேற்றிவிட்டு நாம் உள்ளே வரவில்லை. நமக்கென்று பக்கத்தில் தனியாக ஒன்று தொடங்கப்படவும் இல்லை. எபேசியர் 3:6 இதை மூன்று சொற்றொடரில் சொல்கிறது: "உடன் சுதந்தரர்", "ஒரே சரீரத்திற்குள்ளானவர்கள்", "வாக்குத்தத்தத்துக்கு உடன்பங்காளிகள்". மூன்றிலும் ஏற்கெனவே ஒருவர் அங்கே இருக்கிறார், நாம் அவரோடு சேருகிறோம் என்ற பொருள் இருக்கிறது.

ஒரே ஊரில் இரண்டு போதனை ஏன் வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் போதகர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஓடைகள் கலந்திருக்கின்றன. கிருஷ்ணகிரியில் மிசூரி சினட் என்ற அமெரிக்க லூத்தரன் சபையின் மிஷன் 1895இல் தொடங்கியது. சேலம் பக்கமிருந்து லண்டன் மிஷன் வழி வந்தவர்கள் இன்று தென்னிந்தியத் திருச்சபையாகிய சிஎஸ்ஐயில் இருக்கிறார்கள். கத்தோலிக்கருக்கு 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளும் சகோதர சபைகளும் நிறைய. பழைய சபைகளில் "சபையே உண்மையான இஸ்ரவேல்" என்ற எண்ணம் ஓடுகிறது. அது 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சியின் எழுத்துகளிலேயே தெளிவாக இருக்கிறது. எருசலேம் தேவாலயம் கி.பி. 70இல் அழிந்தபின், 135இல் யூதரின் கடைசிக் கலகமும் ஒடுங்கியபின் வந்த எழுத்து அது. "இஸ்ரவேல் வேறு, சபை வேறு" என்ற திட்டமான பிரிவினையை 1830களிலிருந்து, சகோதர சபைகளின் ஆரம்பத் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி போதித்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. தேவன் மனிதரோடு இடைப்படும் காலங்களைக் கோடு போட்டுப் பிரித்துக் காட்ட, கன்வென்ஷன்களில் துணியில் வரைந்து மாட்டும் யுகங்களின் படம் அந்த வழியில் வந்ததுதான். இரண்டு வழியிலும் வேதத்தை நேசித்த உண்மையான மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு வசனத்துக்குப் போங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது, "இஸ்ரவேலின் வாக்குத்தத்தம்" என்று ஒரே மூட்டை கிடையாது. ஆதியாகமம் 15இல் ஆபிரகாம் மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவருகிறார். மிருகங்களைப் பிளந்து துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடப்பது அக்காலத்து வழக்கம் (எரேமியா 34:18 பாருங்கள்). இங்கே ஆபிரகாம் நடக்கவில்லை. அவர் அயர்ந்த நித்திரையில் இருக்கிறார். புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டுமே கடந்துபோகின்றன. தேவன் தாமே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சீனாயில் நடந்தது வேறு. யாத்திராகமம் 24இல் ஜனங்கள், "கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம்" என்று வாய்திறந்து ஒப்புக்கொண்ட பிறகே உடன்படிக்கையின் இரத்தம் அவர்கள்மேல் தெளிக்கப்பட்டது. அது கீழ்ப்படிதலைச் சார்ந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பவுலே காட்டும் முறை: 430 வருஷத்துக்குப் பிறகு வந்த நியாயப்பிரமாணம் முன்னே உறுதிப்பட்ட வாக்குத்தத்தத்தைத் தள்ளாது என்கிறார் (கலாத்தியர் 3:17).

பிறகு தாவீதின் உடன்படிக்கை (2 சாமுவேல் 7), கடைசியாக எரேமியா 31இன் புது உடன்படிக்கை. இந்தக் கடைசியில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாம் திருவிருந்தில் கைநீட்டி வாங்கும்போது கேட்கும் "புதிய உடன்படிக்கை" யாரோடு செய்வதாகச் சொல்லப்பட்டது? "இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்" (எரேமியா 31:31). எபிரெயர் 8 அதை அப்படியே எடுத்து எழுதுகிறது, பெயரை மாற்றவில்லை. எரேமியாவில் அதற்கு அடுத்த வசனங்களிலேயே, சூரியனும் சந்திரனும் தங்கள் நியமத்தில் நிற்கும்வரை இஸ்ரவேல் சந்ததி தமக்கு முன்பாக ஒரு ஜாதியாக இராமல் அற்றுப்போவதில்லை என்று கர்த்தர் சொல்கிறார் (31:35-37). முதல் பகுதியை நமக்கென்று வைத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை ரத்து என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தேவன் இஸ்ரவேலுக்குச் சொன்ன வார்த்தையை மாற்றுகிறவர் என்றால், நமக்குச் சொன்னதை ஏன் மாற்றமாட்டார்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டுச் சற்று அமைதியாக இருங்கள்; பிள்ளைகளே யோசிப்பார்கள்.

அடுத்தது எதிர்ப்பக்கத்துத் தவறு: இரண்டு தனி ஜனங்கள் என்பது. முதல் சபையில் இருந்தவர்கள் எல்லாரும் யூதர்களே. பெந்தெகொஸ்தே நாளில் சேர்ந்த மூவாயிரம் பேர் யூதரும் யூதமார்க்கத்தமைந்தவர்களும். சபை தொடங்கியபோது இஸ்ரவேலுக்குள்தான் தொடங்கியது. பிறகு கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதி, பிறகு அந்தியோகியா பட்டணத்துப் புறஜாதியார். ஏறக்குறைய கி.பி. 49இல் எருசலேமில் கூடிய ஆலோசனைச் சங்கத்தில் யாக்கோபு ஆமோஸ் 9ஐ எடுத்து வாசித்து, விழுந்துபோன தாவீதின் கூடாரம் எடுத்துக் கட்டப்படும்போது புறஜாதியாரும் கர்த்தரைத் தேடுவார்கள் என்று தீர்மானம் சொன்னார் (அப்போஸ்தலர் 15). தாவீதின் கூடாரத்துக்குள்ளேதான் புறஜாதியார் வருகிறார்கள். அவர்களுக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது.

எபேசியர் 2:14இல் "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று வருகிறதே, அப்படி ஒரு தடுப்பு எருசலேம் தேவாலயப் பிராகாரத்தில் நிஜமாகவே இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வரும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் வெட்டிய கல் 1871இல் கிடைத்தது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவுல் எருசலேமில் பிடிபட்டதற்குக் காரணமே, துரோப்பீமு என்ற எபேசியனை அந்த எல்லைக்குள் கூட்டிவந்தார் என்ற குற்றச்சாட்டு (அப்போஸ்தலர் 21:28-29). எபேசுவின் சபைக்கு எழுதும்போது அந்தச் சுவர் தகர்ந்தது என்று அவர் எழுதியதன் எடை அப்போதுதான் தெரியும். தகர்ந்த சுவரை ஒரு யுகப்படத்தில் மறுபடி கோடு போட்டு எழுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த நிருபம் முடிவாகச் சொல்வது "ஒரே புதிய மனுஷன்".

இனி ரோமர் 9 முதல் 11. இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்ட பகுதி இது. மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். 33, 21, 36 ஆக மொத்தம் 90 வசனங்கள். நிறுத்தாமல் சத்தமாக வாசித்தால் கால்மணி நேரத்துக்குச் சற்றே கூடும். பின்னணியையும் சொல்லுங்கள்: கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியைவிட்டுப் போகச் சொன்னான் (அப்போஸ்தலர் 18:2). அந்த வருஷங்களில் அங்கே சபையை நடத்தியவர்கள் புறஜாதி விசுவாசிகளாகவே இருந்திருக்க வேண்டும். யூத விசுவாசிகள் திரும்பி வந்தபோது, "இவர்களுக்கு இனி இங்கே என்ன இடம்?" என்ற மனப்பான்மை எழுந்திருக்கும் என்று வேத ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். ஏறக்குறைய கி.பி. 57இல் பவுல் எழுதிய நிருபத்தில் "மேட்டிமைச்சிந்தையாயிராமல் பயந்திரு" என்ற எச்சரிப்பு அந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஒலிவமர உவமையைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. நாட்டு மாங்கொட்டையை முளைக்கவைத்து, அந்தக் கன்றின் தலையை வெட்டி, பெங்களூராவிலிருந்தோ செந்தூராவிலிருந்தோ எடுத்த குச்சியைச் சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றுவார்கள். வேர் நாட்டுடையது, காய்ப்பது நல்ல ரகம். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுவார்கள். விட்டால் நாட்டுக் கிளை சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மேலே ஒட்டியதைச் சாகவிட்டுவிடும். வேர் வேலைக்காரன், குச்சிதான் எஜமான்.

பவுல் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். நல்ல மரம் நிற்கிறது. அதில் காட்டொலிவக் கிளையை ஒட்டுகிறார் தோட்டக்காரர். எந்த நர்சரிக்காரரும் காசு போட்டு இப்படிச் செய்யமாட்டார். பலன் குன்றிய பழைய ஒலிவமரத்துக்குத் தெம்பூட்டக் காட்டொலிவத் தளிரைச் செருகும் வழக்கம் அக்காலத்து ரோம வேளாண் எழுத்துகளில் உண்டு. ஆனாலும் பவுல் அதைச் சாதாரண வேலையாகப் பேசாமல், "சுபாவத்திற்கு விரோதமாய்" என்றே எழுதுகிறார் (11:24). ஆகவே ஒட்டப்பட்ட கிளையில் பெருமைக்கு ஒன்றுமில்லை. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது" (11:18).

இந்த உவமையில் பிள்ளைகள் தவறவிடும் இடங்கள் சில உண்டு. மரம் ஒன்றுதான், பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புது மரம் நடவில்லை, இரண்டாவது மரமும் நடவில்லை. எல்லாக் கிளைகளும் முறிக்கப்படவில்லை, "சில கிளைகள்" மட்டுமே (11:17); பவுலே முறியாத கிளைக்குச் சாட்சி: நானும் பென்யமீன் கோத்திரத்து இஸ்ரவேலன் என்கிறார் (11:1). முறிந்ததற்குக் காரணம் அவிசுவாசம், நிற்பதற்குக் காரணம் விசுவாசம், இரண்டுக்கும் சாதி வம்சம் காரணமில்லை. முறிந்த கிளைகளைத் திரும்ப ஒட்டத் தேவன் வல்லவர், அவிசுவாசத்திலே நிலைத்திராவிட்டால் (11:23). இந்தக் கடைசி நிபந்தனை முக்கியம். "யூதருக்கு இயேசு தேவையில்லை, அவர்களுக்கு வேறு வழி உண்டு" என்று சிலர் சொல்வது இந்த வசனத்தோடு ஒத்துப்போகாது. மேசியா ஒருவரே, வழி ஒன்றே.

"இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்ற 11:26இல் சண்டை வரும், தயாராக இருங்கள். யூதரும் புறஜாதியாருமான மொத்த விசுவாசிகள் என்று சீர்திருத்தவாதி கல்வின் எடுத்தார். காலங்காலமாக விசுவாசிக்கும் யூதர்களின் கூட்டுத்தொகை என்று வேறு சிலர். கடைசிக் காலத்தில் யூத ஜனம் பெருந்திரளாக இயேசுவிடம் திரும்புவது என்று மற்றவர்கள். நான் மூன்றாவதையே சரியென்று கொள்கிறேன். 25ஆம் வசனத்தில் கடினமான மனதுள்ள "இஸ்ரவேல்" யூத ஜனமே. 28ஆம் வசனத்தில் பிதாக்களினிமித்தம் அன்புகூரப்பட்டவர்களும் அவர்களே. நடுவில் இருக்கும் 26ஆம் வசனத்தில் மட்டும் அந்தச் சொல் வேறு கூட்டத்தைக் குறிக்கும் என்பது வலிந்து சொல்வது. ஆனாலும் முதல் இரண்டு கருத்துக்காரரைத் துர்உபதேசிகள் என்று யாரும் திட்ட வேண்டாம்.

சபைதான் இஸ்ரவேல் என்போர் எடுக்கும் வசனங்களில் மத்தேயு 21:43 பெரியது: ராஜ்யம் உங்களிடத்திலிருந்து நீக்கப்படும். இரண்டு வசனம் தள்ளி வாசித்தால், பிரதான ஆசாரியரும் பரிசேயரும் தங்களைக்குறித்துச் சொன்னார் என்று அறிந்துகொண்டார்கள் என்று இருக்கிறது. அது தலைவர்கள்மேல் வந்த தீர்ப்பு. 1 பேதுரு 2:9இல் சபைக்கு இஸ்ரவேலின் பட்டங்கள் கொடுக்கப்பட்டிருப்பது உண்மை. அது நம்மைச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம். அவர்களிடமிருந்து பிடுங்கியதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

தேசத்தைப்பற்றிக் கேட்பார்கள், செய்தியில் வருவதால். 1948 மே 14 அன்று உருவான இஸ்ரேல் நாடும் வேதத்தில் வரும் இஸ்ரவேல் ஜனமும் சம்பந்தமுள்ளவை, ஆனால் ஒன்றல்ல. அந்த நாட்டில் முஸ்லிம்களும் அரபுக் கிறிஸ்தவர்களும் குடிமக்கள். யூதரில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறார்கள். எசேக்கியேல் 36, 37 இப்போது நிறைவேறுகிறது என்று ஒரு சாராரும், நிறைவேறுதலை ரோமர் 4:13இன்படி உலகம் முழுவதுக்குமான சுதந்தரமாகப் பார்க்கவேண்டும் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் லேவியராகமம் 25:23ஐ விடக் கூடாது: தேசம் கர்த்தருடையது, குடியிருப்பவர்கள் அவரிடத்தில் பரதேசிகள். அதே நியாயப்பிரமாணம் அந்நியனை ஒடுக்காதே என்கிறது. ஆகவே ஓர் அரசாங்கம் செய்வதையெல்லாம் தேவனுடைய செயல் என்று மேடையில் அறிவிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. பெத்லகேமிலும் நாசரேத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவைத் தொழும் அரபுக் குடும்பங்கள் நம் சகோதரர்கள். ஜெபத்தில் அவர்களை மறப்பது பாவம்.

"இஸ்ரவேலை ஆசீர்வதித்தால் நீ ஆசீர்வதிக்கப்படுவாய்" என்று ஆதியாகமம் 12:3ஐ வைத்துக் காணிக்கை கேட்பவர்கள் இருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் அதற்குரிய முன்மாதிரி ரோமர் 15:26-27. மக்கெதோனியா, அகாயா சபைகள் எருசலேமிலுள்ள ஏழைப் பரிசுத்தவான்களுக்குப் பணம் சேர்த்து அனுப்பின. காரணம் நன்றிக்கடன்: அவர்களுடைய ஞானநன்மைகளில் நாம் பங்குபெற்றோம். திரும்ப எவ்வளவு வரும் என்ற கணக்கு அதில் இல்லை.

இப்போது வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் வரும் வசனங்களில் பெரும்பாலானவை இஸ்ரவேலிடம் பேசப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் முறை வேண்டும். அட்டை கிடைத்ததும் அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். யாரிடம், எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். நிபந்தனை உண்டா என்று பாருங்கள். பிறகு புதிய ஏற்பாடு அந்த வசனத்தையோ அந்தக் கருத்தையோ எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தேடுங்கள். ஓரத்தில் இருக்கும் ஒத்துவாக்கியங்கள் இதற்கு உதவும்.

"உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" மிக அதிகமாகக் கொடுக்கப்படும் வசனம், உபாகமம் 28:13. அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 15 முதல் 68 வரை 54 வசனம். ஒரே உடன்படிக்கை, 13ஐ எடுத்தால் 15ஐயும் எடுக்க வேண்டும். பவுல் அங்கிருந்து எப்படி வெளியே வருகிறார் என்றால், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார், ஆபிரகாமுக்கு உண்டான ஆசீர்வாதம் புறஜாதிகளுக்கு வந்தது என்கிறார். அந்த ஆசீர்வாதம் இன்னதென்று அதே வசனத்தில் சொல்கிறார்: ஆவியைக்குறித்த வாக்குத்தத்தம் (கலாத்தியர் 3:13-14). பிரமோஷன், போர்வெல்லில் தண்ணீர், மா விளைச்சல் இவற்றுக்காகத் தகப்பனிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இந்த வசனத்தைக் காட்டி அவை நிச்சயம் வரும் என்று சொல்லிக்கொடுத்தால், வராத வருஷத்தில் அந்தக் குடும்பம் தேவனையே பொய்யராக நினைக்கும், அல்லது தன்மேல் சாபம் இருக்கிறது என்று பயந்துபோகும். இரண்டையும் போதகர்கள் வீடு சந்திக்கும்போது கேட்கிறார்கள்.

எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் அநேகர் அதற்குள் இறந்துபோவார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது அதே கடிதம். இப்படி வாசித்தால் வேலை தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் போயிருக்கும் பிள்ளைக்கு அந்த வசனம் இன்னும் ஆழமாக உதவும்.

நேராக எடுத்துக்கொள்ளக்கூடியதும் உண்டு. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோசுவாவுக்குச் சொன்னது. எபிரெயர் 13:5 அதைப் பண ஆசையால் தடுமாறும் விசுவாசிகளுக்கென்று எடுத்துக் கொடுக்கிறது. தயங்காமல் பிடித்துக்கொள்ளலாம். எபேசியர் 6:2-3 இன்னும் நுட்பமான பாடம். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லும் கற்பனையில் "உன் தேவனாகிய கர்த்தர் உனக்குக் கொடுக்கிற தேசத்திலே" என்று இருப்பதைப் பவுல் அப்படியே எழுதவில்லை. "பூமியிலே உன் வாழ்நாள் நீடித்திருப்பதற்கும்" என்று நிறுத்துகிறார். கானானில் குடியிருக்காத எபேசுப் பிள்ளைகளுக்கும் வாக்குத்தத்தம் சேருகிறது, ஆனால் தேசத்தின் பங்கு அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. "சேர்க்கப்படுதல்" எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

வகுப்புக்கு மூன்று ஞாயிறு வையுங்கள். முதல் வாரம் ஆதியாகமம் 12, 15, யாத்திராகமம் 24, எரேமியா 31. இரண்டாம் வாரம் கலாத்தியர் 3, எபேசியர் 2. மூன்றாம் வாரம் ரோமர் 9-11 முழுவதும், விளக்கம் குறைவாக, வாசிப்பு அதிகமாக. ரோமர் 11ஐ முதல் வாரத்திலேயே எடுத்தால் வேர் எது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.

பெரிய வெள்ளிக்கிழமைச் செய்தி கொடுக்கிறவர்களிடம் ஒன்றைப் பணிவாகச் சொல்லிவையுங்கள். "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்" என்று பொதுவாகச் சொல்வது ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக இரத்தம் சிந்தவைத்த பேச்சு. லூத்தர் 1543இல் யூதருக்கு எதிராக எழுதிய கடுமையான வார்த்தைகளை மிசூரி சினட் 1983இல் வெளிப்படையாக மறுத்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965 அக்டோபர் 28 அன்று, ரோமர் 11ஐ மேற்கோள் காட்டி, அன்றைய யூதர் எல்லார்மேலும் இன்றைய யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று அறிவித்தது. அப்போஸ்தலர் 4:27 ஏரோதையும், பொந்தியு பிலாத்துவையும், புறஜாதிகளையும், இஸ்ரவேல் ஜனங்களையும் ஒரே வரியில் வைக்கிறது. பிரசங்கத்தில் அந்த வசனத்தை முழுமையாக வாசித்தால் போதும்.